ஏழு பேரைக் குத்திய கத்தி

பழைய பட்டாளத்து மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவன் நான். ஒரு கத்தியைத் திறந்து பார்த்தால் அது என்னென்ன செய்தது என்று சொல்லிவிடுவேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜெபசிங்கும் அவர் மனைவி புஷ்பலீலாவும் ஒரு மதியம் ஒரு கத்தியோடு வந்தார்கள்.

“எங்க தாத்தா பர்மா சண்டையில இதால ஏழு பேரைக் குத்தியிருக்காரு, அண்ணாச்சி,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஜெபசிங்.

“அதான் சொல்லுதேன். ரத்தம் குடிச்சது எங்க வீட்ல இருக்கப்படாது. நீங்களே வச்சுக்கிடுங்க,” என்றாள் புஷ்பலீலா.

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பொய் சொல்லி வாங்கிய கத்தி மறுநாளே துருப்பிடித்துவிடும். அனுபவம். பெரிய அலகை நகத்தால் நெம்பினேன். தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் அப்படியே இறுகிக் கிடந்தது. ஒருநாள்கூட அது வெளியே வந்ததில்லை. பக்கத்திலிருந்த டின் திறக்கும் பல்லோ பாதியாகத் தேய்ந்திருந்தது.

“தம்பி, உங்க தாத்தா குத்தினதெல்லாம் மீன் டின்னுதான்.”

ஜெபசிங்கின் முகம் தொங்கிவிட்டது. நான் கத்தியை மடக்கி மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் அடுப்படியிலிருந்து மீன்குழம்பு வாசனை வந்தது. தேய்ந்த பல் மட்டும் தானாக எழுந்து நின்றது. மூன்று பேரும் பார்த்தோம்.

முதலில் சிரித்தது புஷ்பலீலாதான். கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வாங்க தாத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம். இன்னைக்கு ரசந்தான், பரவாயில்லையா?”

பல் மெல்ல உள்ளே போய் மூடிக்கொண்டது.