துகள்களுக்கு இடையே

கதை எழுதிப் பழக்கமில்லாத என் துணிவை வாசிப்பவர்கள் பெரியமனதுடன் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்தக் காலையில் நாகலூர் எஸ்டேட் கொட்டகையில் பிரிஸ்கில்லா நின்ற நிலையைச் சொல்லாதிருக்க என்னால் இயலவில்லை.

அவளுடைய பேராசிரியர் அன்பழகன் சேலத்திலிருந்து மலையேறி வந்து, குழாயிலிருந்து வெளிவரும் வாயுவை அளந்து காட்டும் வாயுமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பித் தோல் அழுகும் தொட்டியிலிருந்து வரும் கரியமில வாயுவை எரிவாயுவாக மாற்றுவது அவளுடைய ஆய்வு. சூடேற்றிய குழாய்க்குள் வினையூக்கிப் பொடி. அதில் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் துகள்கள், ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடக்க வேண்டும்.

சூடு மிஞ்சினால் அவை நகர்ந்து, ஒட்டி, பருத்துவிடும். நிக்கல் அதேதான், எடையும் அதேதான். வாயு மட்டும் உள்ளே போனபடியே வெளியே வரும்.

அன்றைக்கு அப்படித்தான் வந்தது.

அவளைத் தவிர வேறு யாரும் கருவியைத் தொடக் கூடாது என்பது சாரின் ஒரே நிபந்தனை. மீறினால் ஆய்வு அத்துடன் முடிந்தது.

விடியலில் சூட்டுக் குமிழ் எங்கே நின்றது என்பதை அவள் பார்த்திருந்தாள். பதறிப்போய் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பியிருந்தாள். ஏற்றியது யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சூடு எதுவும் கூடிப்போச்சாம்மா?"

"இல்லைங்க சார். நான் இங்கயேதான் கண்ணு மூடாம இருந்தேன்."

அன்பழகன் நெற்றியைத் தேய்த்தார். அப்படியானால் பொடி தயாரித்த விதத்தில்தான் குறை இருக்கும், மறுபடி செய்து பார்க்கலாம் என்றார். அவளுக்கு மூச்சு வந்தது.

தேநீர்த் தட்டுடன் உள்ளே வந்த அவள் அப்பா ஏசுராஜின் காதில் 'குறை' என்ற சொல் மட்டும் விழுந்தது. எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் டிரையரை ஓட்டுபவர் அவர். பனி இறங்கினால் சூட்டை ஏற்றுவது அவருக்குக் கைப்பழக்கம்.

"ஏனுங்க சார், எம்புள்ள வேலையில குத்தஞ் சொல்லாதீங்க. தூக்கமில்லாம அசந்துபோயி உக்காந்தபடியே தூங்கிருச்சு. எழுப்ப மனசு வல்லீங்க. பனி வேற நொம்ப எறங்குச்சு. நாந்தான் சூட்டை நல்லா ஏத்தி உட்டு, விடியற வரைக்கும் பாத்துக்கிட்டேன். ஒரு சொட்டு ஈரம் ஏறலீங்க! காப்பிக்கொட்டையா இருந்தா மொறுமொறுன்னு காஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சாருக்குத் தேநீரை நீட்டினார்.

அன்பழகன் வாங்கிக்கொள்ளவில்லை. ஏசுராஜைப் பார்க்கவுமில்லை. பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்.

பிற்பாடு பொடியை எடுத்து நிறுத்தார்கள். எடை குறையவில்லை. நிக்கல் முழுவதும் இருந்தது.

போனவை: துகள்களுக்கு இடையே இருந்த வெளி, பிரிஸ்கில்லாவின் ஆய்வு, அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பு, மகளுக்கு உதவினோம் என்ற ஏசுராஜின் நிறைவு.

கடைசியாகச் சொன்னது மட்டும் சாயங்காலம் வரை இருந்தது.