இந்த வருஷத்துக் கனி

சித்திரை விஷு அன்று எழுந்ததும் முதலில் எதைப் பார்க்கிறோமோ, அதுதான் வருஷம் முழுக்க நிலைக்கும் என்பார்கள். எப்போதும் முந்தின ராத்திரியே கண்ணாடி முன்னால் பழமும் பூவும் அடுக்கிக் கனி வைப்பவள் ஜயலக்ஷ்மி. இந்த முறை அவள் கணவர் கோபாலசுப்பிரமணியன் வைத்தார்.

"கண்ணைத் திறந்திராதே!" என்று அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனார்.

"பூவையாவது தொடுத்தீகளா?"

"எனக்கு அதெல்லாம் வருமா? ரெண்டு சாடியில சொருகி வச்சிருக்கேன். சிரிக்காதே."

சிரிப்பு வந்தாலும் அவள் மனசு சுப்ரியாவிடம் போயிற்று. ஜோஷுவாவைக் கட்டிக்கொண்ட மகளின் பேரை மூன்று வருஷமாக இந்த வீட்டில் எடுக்க முடியாது. விஷுவுக்கு அழைக்கலாமா என்று நேற்றுக் கேட்டதுமே மனுஷர் எழுந்து போய்விட்டார்.

"இப்ப திற!"

கனிக் கண்ணாடிக்கு ஒரு பக்கம், வீட்டு மரத்துக் கொன்றை கொத்துக் கொத்தாக. மறுபக்கம் வெள்ளை லில்லி.

"லில்லி நம்ம வீட்டுல கிடையாதே. யாரு தந்தா?"

"சம்பந்தியம்மா இஞ்ஞாசியம்மா தோட்டத்துப் பூ. கொடுத்துவிட்டிருக்காக."

"யாருகிட்ட?"

"என்னை ஏன் பாக்கே? கண்ணாடியைப் பாரு!"

கண்ணாடியில், அவள் முகத்துக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு சுப்ரியா!

ஜயலக்ஷ்மி திரும்புவதற்குள் குழந்தை எட்டி ஒரு லில்லியை இழுக்க, சாடி கவிழ்ந்தது.

"கவிழட்டும்லே! இழு, எல்லாம் உனக்குத்தான்!" என்று பேரனை வாங்கிக்கொண்டார் கோபாலசுப்பிரமணியன்.