கடைசி இடம்

"நீ மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் கறுப்பு உடுத்தியிருப்பேண்ணா" என்று எல்ஸ்பெத் தன் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் அவள் புருஷன் ஆர்ச்சி, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கண்மூடிக் கிடந்தான்.

நினியன் கைகளை உருவிக்கொண்டான். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"ஊரெல்லாம் உன் பேச்சுதான். வலையில சால்மன் விழுந்தும் அதத் தூக்கி எறிஞ்சுட்டு இவருக்காகப் பாஞ்சியாமே."

பாய்ந்தது நிஜம்தான். உடனே பாயவில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். ஆர்ச்சியின் தலை தண்ணீருக்குள் போனதைப் பார்த்த பிறகும் அவன் கை வலையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேதான் இருந்தது. அதுவும் எப்படியும் திருப்பி விட்டாக வேண்டிய மீன். சீசன் தொடக்கத்தில் சட்டப்படி சால்மனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பிடித்தவன் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

"முந்தின நாள் தண்ணி வத்தினப்போ இவரேதானே நீங்க நிக்கிற மணலை நடந்து பாத்துட்டு வந்தாரு? குழி இருந்தா ஒருத்தரையும் எறங்க விட்டிருப்பாரா? பாழாப்போன மணல், ஒரே ராத்திரியில குழி விழுந்து ஏமாத்திடுச்சு." எல்ஸ்பெத் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டீ வாங்கிட்டு வரேன். இவரு பக்கத்துலயே இருண்ணா."

அவள் போனதும் நினியன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஆர்ச்சியிடமாவது சொல்லிவிட வேண்டும், அவனும் நன்றி சொல்லித் தொலைப்பதற்குள்.

சால்வே கழிமுகத்தில் வலைக்காரர்கள் ஆளைவிட அகலமான சட்டவலையைப் பிடித்துக்கொண்டு, ஏறிவரும் கடலை எதிர்த்து வரிசையாக நிற்பார்கள். யார் எந்த இடம் என்பது குலுக்கல். ஆளுக்கொரு பொருளைத் தொப்பியில் போட, எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க, ஒருவன் எடுத்து எடுத்துப் பலகையில் அடுக்குவான். நடுவில் விழுந்தவனுக்கு மீன். கடைசியில் விழுந்தவனுக்கு ஆழமும் குளிரும்.

இந்த சீசனின் முதல் நாளன்று அடுக்கியவன் ஆர்ச்சி.

"நினியா, சோப்பு கொண்டாந்தியா? இந்த வருஷமும் குளிக்கத்தானே வந்திருக்க?" என்று முதுகைக் காட்டியபடியே ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் முழுக்க நினியனின் வலையில் ஒரு சால்மன்கூட விழவில்லை. அதைச் சொல்லிச் சிரிக்காமல் யாரும் மதுக்கடையில் ஒரு கோப்பையைக் காலி செய்ததும் இல்லை.

"ஆச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு, ஆர்ச்சி தன் வலையை எடுக்கப் போனான். முதலில் திரும்பியவன் நினியன். அவனுடைய பித்தளைப் பித்தான் கடைசியில் கிடந்தது. ஆர்ச்சியின் வெள்ளைச் சிப்பி நட்டநடுவில் இருந்தது. மற்றவர்கள் திரும்புவதற்குள் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டான்.

ஆர்ச்சி வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னொரு தடவ போடுவமா?" என்றான்.

"நல்லா இருக்குடா! நீயே அடுக்குவ, நீயே அழுவியா?" என்று மறுபடி சிரிப்பு.

ஆர்ச்சி நினியனை ஒரே ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் வலையைத் தூக்கிக்கொண்டு கடைசி இடத்துக்கு நடந்தான்.

அந்தப் பார்வைதான் இரண்டு நாளாக நினியனைத் தின்றுகொண்டிருந்தது. அடுக்கியவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் அத்தனை பேர் முன்னால் மச்சானைக் காட்டிக்கொடுக்காமல், அவன் பாட்டுக்குப் போய் ஆழத்தில் நின்றான்.

"எத்தன ராத்தல் இருக்கும், உன் மீனு?" ஆர்ச்சி கண்ணைத் திறந்திருந்தான். குரல் கரகரத்தது.

"பாக்கலடா மாப்ள." நினியன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பலகையில கை வெச்சது நான்தான். அந்த எடத்துல நான் நின்னிருக்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா வாயத் தொறக்கல? அங்கயே என்னக் கிழிச்சிருக்கலாமே. நீ சும்மா போனதுதான் என்னக் கொல்லுது."

ஆர்ச்சி கூரையைப் பார்த்தான். மூச்சு வாங்கியது. "எப்படித் தொறப்பேன்? குலுக்கல்ல கடைசி எடம் எனக்குத்தான் வந்துச்சு. நீங்கள்லாம் முதுகக் காட்டி நின்னப்போ உன் பித்தான அங்க தள்ளிவிட்டவன் நான்."

நினியனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் முழு மூச்சு விட்டான்.

"அடத் திருட்டுப் பயலே! நீயுமா? ஒரு மீனுக்காகவாடா ரெண்டு பேரும் இந்தக் கூத்தடிச்சோம்?"

ஆர்ச்சி சிரிக்கவில்லை. எல்ஸ்பெத் வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டான்.

"மீனுக்காக இல்ல மச்சான். அந்தக் குழிய நான் முந்தின நாளே பாத்துட்டேன்."