வெர்னாவின் கையில் சாவி

பாலைவன முகாமில் ஜோஷுவா மரங்களின் நிழல் மணலில் நீள்கிறது. எப்போதும் ஓட்டும் கணவர் ஹாலிஸ், கண் ஆபரேஷன் முடிந்திருப்பதால் கீழே நின்று கைகாட்ட, முதல்முறையாக வெர்னா வீட்டுவண்டியை ரிவர்ஸ் எடுக்கிறாள். அக்கம்பக்கத்து முகாம்காரர்கள் மடக்கு நாற்காலிகளை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு, பீரும் கையுமாக வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னால் நிற்கும் மரத்தில் உரசினால் சாவி இனி தன் கைக்கு வராதென்று வெர்னாவுக்குத் தெரியும். “வா, வா… இடது! ஐயோ, என் இடது!” “கண்ணாடியில உன்னையே காணோமே, எங்க நிக்கிற?” “மரத்தோட மரமா நிக்கிறேன், செல்லம்!” அவள் இறங்கி வந்து, அவர் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்திவிட்டு ஏறுகிறாள். இப்போது கண்ணாடியில் அவருடைய தொப்பி பளிச்சென்று தெரிகிறது. வண்டி மெல்ல வந்து அதன் இடத்தில் நிற்கிறது. எல்லோரும் கைதட்ட, தானே ஓட்டியதுபோல ஹாலிஸ் குனிந்து வணங்குகிறார். “சரி, சாவியக் குடு.” “எதுக்கு?” வெர்னா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள். “நாளைக்கும் நீ கையக் காட்டு, போதும்.”