குழாயில் விழுந்த கீறல்

"இதுக்குப் பேரு குழாயா?"

பையனைப் பெற்றவள் அந்தச் சமையலறைக் குழாயைச் சுண்டுவிரலால் தொட்டுவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சுக்காக அவள் முதல் தடவையாக வந்த வீடு. தரகர் கொண்டுவந்த இடம் என்பதாலேயே அவளுக்கு இளக்காரம். வேண்டாம் என்று சொல்லக் கூடத்தில் ஒரு குறையும் அகப்படாமல் போகவே, யாரும் கூப்பிடாமலே சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே இருட்டு. பின்னாலேயே வந்த பையன் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டான். தன் பிள்ளை எதிலும் கெட்டிக்காரன் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இங்க உப்புத் தண்ணிங்க. வெள்ளையாப் படிஞ்சு கெடந்துது, போன வாரந்தான் தேய்ச்சு..." என்று இழுத்தாள் பெண்ணின் அம்மா.

"எதால? கம்பி நாராலயா? மேல்பூச்சு மொத்தமும் போச்சு! எலுமிச்சைச் சாறுல துணியை நனைச்சு அரைமணி நேரம் சுத்தி வெச்சா கறை தானா விடும். இதுகூடத் தெரியாத ஜென்மம் உண்டா?"

குழாயைத் திருகினாள். தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அவள் கையையே நனைத்தது.

"பாருங்க! வாயில இருக்கற சல்லடையைக் கழட்டிக் கழுவிட்டு, கோணலா மாட்டி வெச்சிருக்கு. கையா இல்ல காலா அது?"

பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. வந்த இடமெல்லாம் தட்டிப்போய், இதையாவது எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போதும்மா. போயும் போயும் ஒரு குழாய்க்கு..." என்றான் பையன்.

"நீ சும்மா இருடா. குடிச்ச தம்ளரை நகத்தி வெச்சிருப்பியா நீ? உனக்கென்ன தெரியும் இதெல்லாம்?" என்றவள், பெண்ணின் அம்மா பக்கம் திரும்பினாள். "வீட்டுல ஒரு துரும்பை எடுத்துப் போட விட்டதில்ல. ராஜா மாதிரி வளத்திருக்கேன்."

ராஜா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண் நிலைப்படியில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சம்பந்தமே வேண்டாங்க," என்று கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள் பையனைப் பெற்றவள். "நல்ல குழாயை இப்படி நாசம் பண்ணினவங்க யாரா இருந்தாலும் சரி, என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது."

பெண் நிமிர்ந்தாள்.

"அப்ப உங்க பையன் ராத்திரி எங்க போய்ப் படுப்பாரு அத்தை?"