சிவப்புப் புள்ளி

"ஜெபசிங்கே, எனக்கு ஒரே ஒரு காரியம் அறியணும். இது தன்னால வந்த கேடா, இல்ல இவன் கை வெச்ச கேடா?"

ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் தாணுமாலையன், கடை வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் திறந்த பானெட்டைக் காட்டி மெக்கானிக்கிடம் கேட்டார். 'இவன்' என்றது டிரைவர் மகாராஜாவை. பெயர்தான் மகாராஜா; மூட்டைகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"ரெண்டு வாரமா தினமும் காலையில போன். 'ஸ்டார்ட் ஆகல்ல மொதலாளி, டீசல் லைன்ல ஏர் கேறிட்டு.' ஒரு மணி நேரம் லேட்டு. வண்டி இவன் வீட்டு முன்னாலதானே கிடக்குதுன்னு நேத்து இங்கேயே போடச் சொன்னேன். இன்னைக்கும் அதே கதை. கை வெச்சிருந்தான்னா இன்னையோட வேலை இல்ல, கேட்டியா?"

"வீட்டுல பச்சப் புள்ள இருக்கு அண்ணே. நல்லாப் பாருங்க" என்றான் மகாராஜா.

ஜெபசிங் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகினான். கைப்பம்பை நாற்பது தடவை அமுக்கி எஞ்சினைக் கிளப்பினான். குழாயில் டீசலோடு குமிழ்களும் ஓடின. எங்கேயோ காற்று புகுகிறது. வண்டி ராத்திரி நின்றால் அந்த வழியாகக் காற்று ஏறி, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாது.

டேங்கிலிருந்து வரும் குழாயைத் தடவிக்கொண்டே வந்தவன் கை, ஃபில்டர் வாயில் நின்றது. அங்கே குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் ஆடியது.

மூன்று வாரம் முன்பு இந்த ஃபில்டரை மாற்றியது அவன்தான். கிளிப்பை முறுக்கி முடித்ததும், மனைவி ஜெபமலரின் சிவப்பு நெயில் பாலிஷில் அதன் மேல் ஒரு புள்ளி வைப்பது அவன் வழக்கம். புள்ளி இருந்தால் முறுக்கியாயிற்று என்று பொருள். மற்ற கிளிப்புகளில் எல்லாம் புள்ளி இருந்தது. இதில் மட்டும் இல்லை.

அன்று பாதி வேலையில் ஒரு போன் வந்தது ஞாபகம் வந்தது. பேசிவிட்டு வந்து மறந்தே போயிருக்கிறான்!

தாணுமாலையனின் நான்கு வண்டிகளும் அவன் கையில்தான். பட்டறை ஓடுவதே அவற்றால்தான். பேசாமல் கிளிப்பை முறுக்கிவிட்டு நழுவிவிடலாம். ஆனால் பழி இந்தப் பாவப்பட்டவன் தலையில் விழுமே. கர்த்தரை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மொதலாளி, இதுல அவன் தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான் ஃபில்டர் மாத்தினப்போ இந்தக் கிளிப்பை முறுக்க மறந்துட்டேன்."

மகாராஜா வாயைப் பிளந்தான். தாணுமாலையன் ஜெபசிங்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ நான் வெறுதே இவனை சம்சயப்பட்டேன், அல்லே? செரி. இனி என் வண்டி ஒண்ணையும் நீ தொடண்டாம்."

விறுவிறுவென்று கடைக்குள் போய்விட்டார்.

ஜெபசிங் கிளிப்பை முறுக்கி, ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். நான்கு வண்டிகள் போனது வருத்தம்தான். ஆனாலும் ஒருவன் பிழைப்பைக் கெடுக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

தெருமுனையில் மகாராஜா ஓடிவந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். கண்கள் கலங்கியிருந்தன.

"தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்காம, பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்களே அண்ணே! மூத்தவளப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர ஒரு மணி நேரம் கேட்டேன், மொதலாளி தரல. அதான் தினமும் வண்டிய நிறுத்துனதும் கிளிப்ப லூசாக்குனேன். அதுகூடச் சுளுவா முடிஞ்சிட்டு. உங்க செவப்புப் புள்ளிய அழிக்கத்தான் என் பொண்டாட்டியோட நெயில் பாலிஷ் ரிமூவர் பாதி பாட்டில் தீந்துபோச்சு!"