வாசலில் பதினோரு மலர்வளையங்கள்

"நல்லா நிமிர்த்தி வைங்கப்பா. மூணாவது மாடியில உக்காந்திருக்கிறவன் கண்ணுலயும் படணும்" என்றாள் புன்ஹி.

பூக்கடை ஆட்கள் பதினோராவது மலர்வளையத்தையும் கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டு வேனில் ஏறிப் போனார்கள்.

ஒவ்வொன்றும் ஆளுயரம். மூன்றடுக்கு வெள்ளைச் சாமந்தி.

சியோலில் ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். எழவு வீட்டுக்கு அனுப்புகிற மலர்வளையத்தைப் பாடகரின் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். இதுவரை அது இளவட்டங்களின் வேலையாக இருந்தது. புன்ஹிக்கு அறுபத்திரண்டு வயது.

கோபம் வராமல் என்ன செய்யும்?

பியோ சங்வூ என்றாலே அழுகைப் பாட்டு. பிரிந்த ஊர், போய்விட்ட கப்பல், காத்திருக்கிற அம்மா. அவன் குரல் உடைகிற இடத்தில் அரங்கமே மூக்கைச் சிந்தும்.

மங்வொன் சந்தையில் கிம்ச்சி ஊறுகாய்க் கடை வைத்திருக்கிறாள் புன்ஹி. கணவர் செத்த பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் ரேடியோவில் இவன் பாட்டைக் கேட்டுத்தான் மிளகாய்ப் பொடிக் கையோடு ஓவென்று அழுதாள். அந்த நன்றியை அவள் மறந்ததில்லை. ரசிகர் மன்றத்தில் சேர்ந்தாள், ஆரஞ்சு ஜாக்கெட் வாங்கினாள், தலைவியும் ஆனாள்.

நேற்று வந்த புது வீடியோவில் அதே சங்வூ தலைக்கு வெள்ளிச் சாயம் அடித்துக்கொண்டு, முட்டி கிழிந்த பேன்ட்டோடு மூன்றரை நிமிஷம் குதிக்கிறான். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு.

புன்ஹி நான்கு முறை பார்த்தாள். நான்கு முறையும் வயிறு எரிந்தது. நாலு காசுக்காகக் கம்பெனிக்காரன் பிள்ளையைக் குரங்காட்டம் ஆட விட்டிருக்கிறான். வீடியோவைத் தூக்க வேண்டும். இன்றைக்கே தூக்க வேண்டும். அதுவரை இந்த வாசலை விட்டு நகர்வதாக இல்லை.

மன்றம் இரண்டாகப் பிளந்துவிட்டது. மீன்கடை ஓக்ஜா எதிர்க்கட்சி. அவளுக்கு வீடியோ ரொம்பப் பிடித்துவிட்டது. கடையில் செதில் உரசிக்கொண்டே தோளைக் குலுக்கி ஆடிப் பார்க்கிறாளாம்.

வளையத்தின் ரிப்பனில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரிய ரகளை. 'சங்வூவின் மானம் செத்துவிட்டது' என்று போட வேண்டும் என்றாள் புன்ஹி. அப்படிப் போட்டால் பாதிப் பேர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம் என்றாள் ஓக்ஜா. கடைசியில் எழவு வீட்டுக்கு எல்லாரும் போடுகிற வரியே போதும் என்று முடிவானது.

'மறைந்தவரின் ஆன்மா சாந்தியடையட்டும்.' கீழே மன்றத்தின் பெயர். அவ்வளவுதான்.

உப்புச் சப்பில்லாத வரி. புன்ஹிக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

"புள்ள ஒரு நாள் சிரிச்சா உன் குடியா முழுகிடும்?" என்றாள் ஓக்ஜா. வேடிக்கை பார்க்கவே வந்திருந்தாள்.

"நீ பேசாத. உனக்கு மீனு துள்ளினாலும் டான்ஸுதான்."

கண்ணாடிக் கதவு திறந்தது.

வந்தது மேனேஜர் இல்லை. சங்வூவே வந்தான். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. சட்டம் போட்ட ஒரு படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். வெள்ளித் தலை வாரப்படாமல் கிடந்தது.

வரட்டும் என்றுதானே புன்ஹி காத்திருந்தாள். ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணியதைச் சொல்ல இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. முதல் வளையத்தின் முன் நின்று ரிப்பனை வாசித்தான். அடுத்ததை வாசித்தான். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் ஒரே வரிதான், ஆனாலும் பதினொன்றையும் ஒன்று விடாமல் வாசித்தான்.

நன்றாகப் படிக்கட்டும், உறைக்கட்டும் என்று நினைத்தாள் புன்ஹி.

பிறகு அவன் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட மன்றத்துப் பெண்களின் பக்கம் திரும்பி, இடுப்பு வரை குனிந்தான். ரசிகைகள் எல்லாரும் அவனுக்குச் சித்திதான். வெகுநேரம் நிமிரவில்லை.

"நாங்க இன்னும் யாருக்குமே சொல்லலையே, சித்தி. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அணைத்திருந்த படத்தைத் திருப்பினான். மெலிந்த முகத்தோடு ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலையில ஆறு மணிக்கு. இந்தப் படம் இங்க என் ரூம்லதான் இருந்துது, எடுத்துட்டுப் போக வந்தேன். அழற பாட்டெல்லாம் போதும்டா, நான் போறதுக்குள்ள நீ சிரிச்சு ஆடுறத ஒரு தடவை பாக்கணும்னு சொன்னாங்க. நல்லவேளை, நேத்து பாத்துட்டாங்க."

ஓக்ஜா வாயைத் திறந்தாள். புன்ஹி அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

யார் மேல் கோபப்படுவது என்று புன்ஹிக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை. அது இப்போது அவள் மேலேயே திரும்பியது.

சங்வூ கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில அம்மாவ வச்சிருக்கிற இடம் வெறிச்சோன்னு இருக்கு, சித்தி. ஒரு பூகூட இன்னும் வரல. இதையெல்லாம் அங்க எடுத்துட்டுப் போகலாமா?"

"அதுக்குத்தானேப்பா கொண்டுவந்தோம்" என்றாள் புன்ஹி.